முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள், கார்டை அப்புறம் கேளுங்கள்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகம் லட்சுமி வராகர் கோயில் குளத்தங்கரையில் காலை நடைக்கு வருகிறவர்களை நிறுத்தி, "உங்களுக்கு என்ன இன்ஷூரன்ஸ்?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் கேரளத்தின் ஜாதகமே கைக்கு வந்துவிடும். செக்ரட்டேரியட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவருக்கு மெடிசெப். 2022 ஜூலை 1-ல் அது தொடங்கியபோது பென்ஷனில் மாதம் 500 ரூபாய் பிடித்தார்கள். அவர் பையன் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் இருக்கிறான். அவனுக்குக் கம்பெனி எடுத்துக் கொடுத்த குரூப் பாலிசி. பின்னால் வருகிற வீட்டு வேலைக்காரப் பெண்மணியிடம் காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா பத்ததி கார்டு இருக்கும். ஜனங்கள் வாயில் அது 'காஸ்ப்'. 2019-ல் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்த்துத் தொடங்கிய திட்டம், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை.

நாலாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. கல்யாணச் சமையலுக்குப் போகிறவர்கள், சாலைக் கடைத்தெருவில் துணிக்கடையிலும் பாத்திரக் கடையிலும் நிற்கிறவர்கள், அப்பளம் இடுகிறவர்கள், சின்னக் கோயில்களில் பூஜைக்கு உதவியாக இருப்பவர்கள். கோட்டைக்குள்ளும் மணக்காடு, ஆற்றுக்கால் பக்கமும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பெரும்பகுதி இந்தக் கூட்டம்தான். ரேஷன் கார்டு நீலமாகவோ வெள்ளையாகவோ இருப்பதால் ஏழை என்ற கணக்கில் வரமாட்டார்கள். சர்க்கார் உத்தியோகம் இல்லாததால் மெடிசெப் இல்லை. முதலாளி பெயரைப் பதிவு செய்யாததால் இ.எஸ்.ஐ.யும் இல்லை. சொந்தமாகப் பாலிசி எடுக்கலாம் என்று போனால் ஐம்பது வயதுக்காரருக்குச் சொல்லும் பிரீமியத்தைக் கேட்டு வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

இந்த நாலு பேரும் போவது ஒரே சாலையில்தான். ஈஞ்சக்கல் சந்திப்பில் பைபாஸில் வரும் லாரிக்கு யாரிடம் எந்த கார்டு என்று தெரியாது. கேஷுவால்டிக்குத் தெரிந்தாக வேண்டியிருக்கிறது. என் புகார் அதைப் பற்றித்தான்.

கண் புரை ஆபரேஷனுக்கோ கர்ப்பப்பை ஆபரேஷனுக்கோ போகிறவர் கார்டைப் புதுப்பித்து, பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியை விசாரித்து, நல்ல நாள் பார்த்துப் போகலாம். அடிபட்டவருக்கு அந்த அவகாசம் கிடையாது. மண்ணீரல் கிழிந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது, வயிற்றுக்குள் லிட்டர் கணக்கில் இறங்கியிருக்கும். மண்டைக்குள் கசிகிற ரத்தம் மூளையை அழுத்த ஆரம்பித்தால், பேசிக்கொண்டிருந்தவர் ஒரு மணி நேரத்தில் நினைவிழந்துவிடலாம். எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால் ஆன்டிபயாடிக் எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறதோ அவ்வளவுக்குக் கால் மிஞ்சும். இதனால்தான் மோட்டார் வாகனச் சட்டமே அடிபட்ட பிறகான முதல் ஒரு மணி நேரத்தைப் 'பொன்னான நேரம்' என்று தனியாக வரையறுத்து வைத்திருக்கிறது. நம் இன்ஷூரன்ஸ் ஏற்பாடுகளோ, நோயாளி தன் பெயரைச் சொல்லி, கார்டை நீட்டி, விரல் ரேகை வைக்கத் தயாராக உட்கார்ந்திருப்பார் என்ற எண்ணத்தில் செய்தவை. நினைவில்லாமல் கிடப்பவரை மனத்தில் வைத்து யாரும் அவற்றை எழுதியதாகத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் எங்கள் தெருச் சமையல்காரர் ஒருவர் கல்யாண வேலை முடித்து ராத்திரி பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தார். கார் இடித்தது. பக்கத்து ஆட்டோக்காரர் புண்ணியவான், போலீஸ், கேஸ் என்று பயப்படாமல் தூக்கிப் போட்டுக்கொண்டு கிட்ட இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சமையல்காரரின் சம்சாரம் பூதப்பாண்டிப் பக்கத்துக்காரி. "அண்ணாச்சி, கொஞ்சம் கூட வாங்களேன்" என்று கதவைத் தட்டினாள், போனேன்.

உள்ளே டிரிப் ஏற்றியிருந்தார்கள், காலுக்கு மரச்சட்டம் வைத்துக் கட்டியிருந்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பில்லிங் கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் கேட்டாள்: "கார்டு உண்டோ சேச்சீ? காஸ்ப்பாணோ, மெடிசெப்பாணோ?" இவளுக்கு இரண்டும் இல்லை. ஆதாரையாவது காட்டச் சொன்னாள். ஆதார் அவருடைய பர்ஸில், பர்ஸ் சட்டைப் பையில். காயம் பார்க்கச் சட்டையை வெட்டி எடுத்து, ரத்தத்தோடு சுருட்டி ஒரு பாலிதீன் பையில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். அந்த அம்மாள் தரையில் குந்தி உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்து, ஊறிப் போன துணிக்குள் கைவிட்டு ஆதாரைத் தேடி எடுத்தாள். அதைப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கவுன்டரில் நீட்டியபோது அந்தப் பெண்ணே ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் ஸ்கேனுக்கும் அட்மிஷனுக்கும் அட்வான்ஸ் இவ்வளவு என்று சொன்னாள். சொன்ன தொகை இவர்களுக்கு இரண்டு மாத வருமானம். "மெடிக்கல் காலேஜுக்கு எழுதித் தரட்டுமா?" என்று டாக்டர் கேட்டார். எழுதித் தந்தார்கள்.

மெடிக்கல் காலேஜில் யாரும் அட்வான்ஸ் கேட்கவில்லை. அங்கே கேள்வி வேறு: "கூடே ஆருண்டு?" ஸ்ட்ரெச்சர் தள்ள, ஸ்கேனுக்குச் சீட்டு வாங்க, ரத்த வங்கிக்கு ஓட, மருந்து வாங்கி வர ஒரு ஆள் வேண்டும். கேரள ஆஸ்பத்திரிகளில் 'பைஸ்டான்டர்' என்பது வெறும் துணை இல்லை, சம்பளம் வாங்காத ஒரு சிப்பந்தி. காலுக்கு பிளேட்டும் ஸ்க்ரூவும் வைக்க வேண்டும் என்றார்கள். காஸ்ப் கார்டு உள்ள பக்கத்துக் கட்டில்காரருக்கு அது திட்டக் கணக்கில் ஏறியது. நீலக் கார்டுக்காரரான இவருக்கு வெளியே வாங்க வேண்டி வந்தது. சங்கிலி அடகுக்குப் போனது. ஒரே வார்டு, ஒரே டாக்டர், ஒரே விதமான முறிவு. ஒருவர் கடனில்லாமல் வீடு திரும்பினார், இன்னொருவர் வட்டியோடு திரும்பினார்.

இவருக்குக் கூட ஓட மனைவி இருந்தாள், அக்கம்பக்கம் இருந்தது. அது இல்லாதவர் கதி என்ன என்பதைக் கேரளம் 2017 ஆகஸ்டிலேயே பார்த்துவிட்டது. திருநெல்வேலியிலிருந்து பிழைக்க வந்து கொல்லத்தில் இருந்த தமிழ்த் தொழிலாளி ஒருவர் 6-ம் தேதி ராத்திரி சாத்தன்னூர் பக்கத்தில் பைக் விபத்தில் அடிபட்டார். ஆம்புலன்ஸ் கொல்லத்தில் ஏறி இறங்கி, திருவனந்தபுரம் வரை வந்து, திரும்பவும் கொல்லத்துக்கே போனது. வென்டிலேட்டர் காலியில்லை, நியூரோ சர்ஜன் இல்லை, கூட ஆள் இல்லை என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு காரணம். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வாசலிலும் ஆம்புலன்ஸ் காத்துக் கிடந்தது. சுமார் ஏழு மணி நேர அலைச்சலுக்குப் பிறகு விடியற்காலையில் கொல்லம் மாவட்ட ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது என்றார்கள். முதல்வர் பினராயி விஜயன் சட்டசபையிலேயே அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். அந்தச் சூட்டிலேயே, விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், தனியார் ஆஸ்பத்திரியானாலும் சரி, என்று அரசு அறிவித்தது.

அறிவிப்பு நல்ல அறிவிப்பு. அதன் பேரில் பில் கட்டாமல் வெளியே வந்தவர் என்று ஒருவரையும் எங்கள் தெருவில் எனக்குக் காட்டத் தெரியாது.

அந்த 48 மணி நேரத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது பாறசாலை தாண்டி, களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அரசு. 2021 டிசம்பர் 18-ல் மேல்மருவத்தூரில் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தொடக்கத்திலேயே 201 அரசு ஆஸ்பத்திரிகளும் 408 தனியார் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்தன. தொடங்கியபோது முதல் 48 மணி நேரத்துக்கு ஆளுக்கு ஒரு லட்சம் வரை, 81 வகைச் சிகிச்சைகள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா, தமிழ்நாட்டுக்காரரா, வெளிமாநிலத்தவரா, வெளிநாட்டவரா என்று பார்ப்பதில்லை. தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலையில் அடிபட்டார் என்றால் போதும். அங்கே எல்லாம் பொன்னாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சாலையில் அடிபட்டவரின் தகுதியை அங்கே கார்டு தீர்மானிப்பதில்லை, அடிபட்டதே தீர்மானிக்கிறது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். மார்த்தாண்டத்தில் அடிபடும் ஸ்ரீவராகத்துக்காரருக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை, ஸ்ரீவராகத்தில் அடிபடும் மார்த்தாண்டத்துக்காரருக்குக் கிடைப்பதில்லை. குமரி மாவட்டத்தில் பெரிய அடி என்றால் பலரும் திருவனந்தபுரத்துக்குத்தான் ஓடி வருகிறார்கள் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ள குடும்பத்துக்கு மாநிலம் தாண்டிச் சிகிச்சை பெறும் வசதி உண்டு. தமிழ்நாடு தன் சொந்தப் பணத்தில் சேர்த்துக்கொண்ட குடும்பத்துக்கு அது கிடையாது. தன் அட்டை இதில் எந்த வகை என்று அதை வைத்திருப்பவருக்கே தெரியாது.

சட்டம் இல்லாமல் இல்லை. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: உயிரைக் காப்பது முதல் கடமை, போலீஸ் நடைமுறை பிறகு, அரசு டாக்டருக்கும் தனியார் டாக்டருக்கும் இது பொது. வங்காளத்தில் 1992-ல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை, படுக்கை இல்லை என்று அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் துரத்தின. கடைசியில் தனியாரிடம் 17,000 ரூபாய் செலவழித்துப் பிழைத்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னதோடு, பணமில்லை என்ற சாக்கைச் சொல்லி அரசு இந்தப் பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது என்றும் தீர்ப்பெழுதியது. கேரளத்தின் சொந்தச் சட்டமான 2018-ம் வருஷத்துக் கிளினிக்கல் எஸ்டாபிளிஷ்மென்ட்ஸ் சட்டத்தை 2025 நவம்பரில் உறுதி செய்த கேரள உயர் நீதிமன்றம், முன்பணம் கட்டவில்லை, காகிதம் இல்லை என்பதற்காக அவசர நோயாளியைத் திருப்பி அனுப்பக் கூடாது, அபாயம் நீங்குகிற அளவுக்குச் சிகிச்சை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது.

ஆனால் அந்தச் சிகிச்சைக்கு யார் பணம் கொடுப்பது என்ற வரி தீர்ப்பில் இல்லை. ஆஸ்பத்திரிக்காரர் பக்கத்து நியாயத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். காஸ்ப் பாக்கி வந்து சேரவில்லை, திட்டத்திலிருந்தே விலகிக்கொள்கிறோம் என்று 2023-ல் தனியார் ஆஸ்பத்திரிச் சங்கம் கொடிபிடித்தது. கார்டு உள்ளவருக்கே பணம் வராமல் இழுக்கிறபோது, கார்டே இல்லாதவரை எந்த நிர்வாகம் ஆசையோடு உள்ளே எடுக்கும்? "ஸ்டெபிலைஸ் பண்ணிட்டோம், இனி மெடிக்கல் காலேஜ்" என்று எழுதித் தருவது அவர்களுக்குச் சட்டத்தையும் காப்பாற்றும், கல்லாவையும் காப்பாற்றும். அந்தச் சீட்டோடு ராத்திரி மெடிக்கல் காலேஜ் வரை ஓடுகிற நேரம் மட்டும் யார் கணக்கிலும் வராது.

பணம் யார் கொடுப்பது என்ற கேள்விக்கு விடை தேடிக் கொடுத்தவர் ஒரு கோயம்புத்தூர்க்காரர். கங்கா ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு சர்ஜன் டாக்டர் எஸ். ராஜசேகரன். சாலைப் பாதுகாப்புக்காக அவர் 2012-ல் போட்ட பொதுநல வழக்குதான் ஆண்டுக்கணக்காக ஓடி, 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் கெடு விதிக்கும் வரை வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 162-வது பிரிவு 2019 திருத்தத்திலேயே இலவசச் சிகிச்சைத் திட்டம் வேண்டும் என்று சொல்லியிருந்தும் ஒன்றும் நடக்காமல் இருந்தது. கெடு தாண்டிய பிறகு, 2025 மே 5-ல் திட்டம் கெஜட்டில் வந்தது. எந்தச் சாலையில் அடிபட்டாலும், யாராக இருந்தாலும், ஏழு நாள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சிகிச்சை. இடித்த வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் போட்ட நிதியிலிருந்து, இல்லாவிட்டாலோ இடித்துவிட்டு ஓடிவிட்டாலோ அரசு நிதியிலிருந்து.

ஸ்ரீவராகத்தில் இதைக் கேள்விப்பட்டவர் எத்தனை பேர்? நான் பேசிய ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அடிபட்டவரை முதலில் தூக்குகிறவர் அவர்கள்தான். எந்த ஆஸ்பத்திரி இந்தத் திட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தால்தானே அங்கே வண்டியைத் திருப்ப முடியும்? பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் அபாயம் நீங்கும் வரைக்குத்தான் இந்தப் பணம் செல்லும். போலீஸ் அது சாலை விபத்துதான் என்று உறுதிப்படுத்தவும் வேண்டும்.

இன்னொரு ஓட்டை, 'சாலை விபத்து' என்ற வார்த்தை. தமிழ்நாட்டுத் திட்டமும் மத்தியத் திட்டமும் சாலையில் விழுந்தால்தான் விழித்துப் பார்க்கின்றன. தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், சாரத்திலிருந்து விழுந்த பெயின்டர், மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி இடுப்பு முறிந்த பாட்டி ஆகியோர் வெளியே நிற்கிறார்கள். மரமேறிகளுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்ஷா', வெளிமாநிலத் தொழிலாளிகளுக்கு 2017-ல் கேரளம் தொடங்கிய 'ஆவாஸ்' என்று துண்டு துண்டாக உண்டு. தொடங்கும்போது ஆவாஸில் சிகிச்சைக்கு 15,000 ரூபாய். மண்டை உடைந்தவருக்கு அது ஸ்கேனுக்கும் முதல் நாள் மருந்துக்கும் காணும்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள வியாதி இல்லை. அமெரிக்காவில் அடில் ஹைதர் என்ற சர்ஜனும் கூட்டாளிகளும் 2008-ல் அந்த நாட்டு விபத்துச் சிகிச்சைப் பதிவேட்டை அலசினார்கள். அடியின் கடுமையைச் சமமாக வைத்துப் பார்த்தாலும், இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள்தான் அதிகம் செத்திருந்தார்கள். பணம் கேட்காமல் அவசரச் சிகிச்சை கொடுக்க வேண்டும் என்ற சட்டம் அங்கே 1986 முதல் இருக்கிறது, இருந்தும் இப்படி. 2014-ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் விசித்திரம். கடுமையாக அடிபட்டுச் சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில், இன்ஷூரன்ஸ் உள்ளவர்களைத்தான் பெரிய டிராமா சென்டருக்கு அனுப்பாமல் அங்கேயே வைத்துக்கொள்வது அதிகமாக இருந்தது. பணம் வரும் நோயாளியை யார்தான் விடுவார்கள்! ஆகவே கம்பெனி பாலிசி இருக்கிறது என்று டெக்னோபார்க் பையனும் நிம்மதியாகத் தூங்க வேண்டாம். ரூம் வாடகைக்கு உச்சவரம்பு இருந்து, அதற்கு மேல் வாடகையுள்ள ரூமில் படுத்தால், பில்லின் மற்றச் செலவுகள் பலவற்றிலும் விகிதப்படி வெட்டுவார்கள். குடித்திருந்தார் என்று கேஷுவால்டி சீட்டில் ஒரு வரி விழுந்தால் கிளெய்மையே மறுக்கப் பார்ப்பார்கள்.

ஆகவே நான் கேட்பது புதிய கார்டு இல்லை. கார்டுகள் போதும். கேரளத்தில் 2023-ல் மட்டும் சாலையில் செத்தவர்கள் நாலாயிரத்துக்கும் மேல். 2017-ல் சொன்ன 48 மணி நேரத்தை அரசாணையாகப் போட்டு, சாலை என்று பார்க்காமல் எல்லா அடிக்கும் விரித்து, பணத்தை ஒதுக்கி வைத்து, ஆஸ்பத்திரிக்குத் தவணை தவறாமல் கொடுக்கட்டும். எந்த கார்டு, எந்தக் கம்பெனி என்ற கணக்கை 48 மணி நேரம் கழித்து அரசும் இன்ஷூரன்ஸ்காரர்களும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். நோயாளியின் மனைவி அந்தக் கணக்கில் இடைத்தரகர் வேலை பார்க்கக் கூடாது. 48 மணி நேரம் தாண்டியபின் நீலக் கார்டு, வெள்ளைக் கார்டுக்காரர்களுக்கு என்ன வழி என்பதற்கும் பதில் வேண்டும். வருஷ வருமானம் 3 லட்சத்துக்குக் கீழே இருந்தால் காருண்யா பெனவலன்ட் ஃபண்டில் 2 லட்சம் வரை உண்டு. லாட்டரிச் சீட்டுப் பணத்தில் தொடங்கிய நிதி, நல்ல நிதி. ஆனால் வருமானச் சர்டிபிகேட்டுக்கு வில்லேஜ் ஆபீசில் நிற்கிற நேரமும் ஆபரேஷன் தியேட்டரில் படுக்கிற நேரமும் ஒன்றாக இருக்கிறது.

மெடிக்கல் காலேஜ் கேஷுவால்டியில் துணையில்லாமல் வருகிறவருக்கு, பைஸ்டான்டர் வேலையைச் செய்ய ஒரு சம்பள ஆள் ஷிப்டுக்கு ஷிப்ட் இருக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர் காலி, எங்கே நியூரோ சர்ஜன் இருக்கிறார் என்பது 108 ஆம்புலன்ஸ்காரரின் போனில் கிளம்பும்போதே தெரிய வேண்டும். கோட்டை தாலுகா ஆஸ்பத்திரி நமக்குக் கூப்பிடு தூரம். பெரிய ஆபரேஷன் அங்கே நடக்க வேண்டாம். ஆனால் ராத்திரி எந்த நேரமும் மூச்சுக் குழாய் போட, ரத்தத்தைக் கட்ட, எலும்பைச் சட்டம் வைத்து அசையாமல் கட்டத் தெரிந்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். எல்லோருடைய கார்டையும் போட்டோ எடுத்து வீட்டிலுள்ள மற்றவர்கள் போனிலும் வையுங்கள், பர்ஸை நம்பாதீர்கள். காஸ்ப் கார்டு புதுப்பித்திருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். சாலையில் அடிபட்டவருக்காகப் போனால், 2025-ம் வருஷத்து மத்தியத் திட்டத்தில் சேருங்கள் என்று கவுன்டரில் கேளுங்கள். தூக்கி வந்தவரை போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு இருக்கிறது, அதை ஆட்டோக்காரர்களிடம் சொல்லுங்கள்.

அடுத்த வார்டு சபாவில் இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதி எங்கள் தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். கவுன்சிலரிடமும் எம்.எல்.ஏ.விடமும் ஒவ்வொரு நகல் போகும். 'கவனத்தில் கொள்ளப்படும்' என்ற பதில் வேண்டாம். மத்தியத் திட்டத்தில் சேர்ந்துள்ள திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளின் பட்டியல் மலையாளத்திலும் தமிழிலும் கோட்டை தாலுகா ஆஸ்பத்திரி வாசலிலும் அட்டக்குளங்கரை, ஈஞ்சக்கல் ஆட்டோ ஸ்டாண்டுகளிலும் எந்தத் தேதிக்குள் ஒட்டப்படும், யாராவது திருப்பி அனுப்பப்பட்டால் ராத்திரி இரண்டு மணிக்கு எந்த அதிகாரியைப் போனில் கூப்பிடுவது என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டிருக்கிறோம்.